கோட்டேஷனில் ஒரு ரேட், பேங்கில் ஒரு ரேட்: டாலர் ஆட்டத்தைச் சின்ன எக்ஸ்போர்ட்டர் சமாளிப்பது எப்படி

டாலர் ஏறினால் எக்ஸ்போர்ட்டருக்குக் கொண்டாட்டம், இறங்கினால் திண்டாட்டம் என்றுதான் ஊருக்குள் பேச்சு. திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பேங்க் வேலையும் டாக்குமெண்ட் வேலையும் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். ஏறுவதையும் இறங்குவதையும்விட, எப்போது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. டாலர் வருஷம் முழுக்க 80-இல் நின்றால் அதற்கு ஒரு விலை போடலாம், 90-இல் நின்றால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. பையருக்கு, அதாவது வெளிநாட்டில் நம் சரக்கை வாங்குகிறவருக்கு, விலை சொன்ன அன்று ஒரு ரேட், ஆறு மாதம் கழித்துப் பணம் வரும் அன்று வேறு ரேட் என்றால், நடுவில் நாம் செய்தது பனியன் வியாபாரமா சீட்டாட்டமா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

இதற்கென்று தனி டிபார்ட்மெண்ட் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஓனரே பேங்குக்கும் போய், ஓனரே கட்டிங் டேபிள் பக்கமும் நின்று, ராத்திரி பையருக்கு மெயிலும் போடுகிற கம்பெனிகளுக்காக எழுதுகிறேன். பனியன் என்று வரும் இடத்தில் தோல், முந்திரி, இறால், கயிறு என்று எதை வைத்துப் படித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் லாபத்தை எடுத்து டாலர் பக்கத்தில் வையுங்கள்

20,000 டீ-ஷர்ட் ஆர்டர், பீஸுக்கு 3.20 டாலர், மொத்தம் 64,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, போட்ட அன்று டாலர் 85 ரூபாய். அப்படியானால் பீஸுக்கு 272 ரூபாய் வரும். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங், தூத்துக்குடிவரை லாரி எல்லாம் சேர்த்துச் செலவு 256. கையில் நிற்பது 16 ரூபாய், அதாவது 6 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. மொத்த ஆர்டருக்கு 3,20,000 ரூபாய் லாபம்.

பணம் வரும் அன்று டாலர் 83. இரண்டே ரூபாய்தான் குறைந்திருக்கிறது. பீஸுக்கு வருவது 265.60, லாபம் 9.60. மொத்தத்தில் 1,28,000 ரூபாய் போய் 1,92,000 மிஞ்சுகிறது. ரேட்டில் இரண்டரை சதவீதம்கூட இறங்கவில்லை, லாபத்தில் 40 சதவீதம் காணோம்! இந்த ஒரு கணக்கை உங்கள் சொந்த எண்களை வைத்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பலரும் இதைப் போட்டதே இல்லை, “டாலர் கொஞ்சம் இறங்கிருச்சு” என்று டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லாபம் 20 சதவீதம் உள்ள தொழிலில் டாலர் இரண்டு ரூபாய் ஆடினால் கொசுக்கடி. 5, 6 சதவீதத்தில் ஓடும் தொழிலில் அது பாதி வருமானம்.

அடுத்து நாட்களை எண்ணுங்கள். கோட்டேஷன் அனுப்பியதிலிருந்து பையர் பியோ, அதாவது ஆர்டரை உறுதி செய்யும் பர்ச்சேஸ் ஆர்டர், கொடுக்க மூன்று வாரம். பியோ வந்ததிலிருந்து சாம்பிள் அப்ரூவல், நூல், துணி, சாயம், தையல் என்று கப்பல் ஏற்ற 90 நாள். கப்பல் ஏறிய பிறகு பையர் பணம் போட 60 நாள். கூட்டினால் 170 நாள், கிட்டத்தட்ட ஆறு மாதம். இந்த ஆறு மாதமும் நீங்கள் டாலரின் கையில்தான் இருக்கிறீர்கள். நான் பார்த்தவரை பலரும் கடைசி 60 நாளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் பில் என்று ஒன்று கண்ணில் படும்.

டாலர் ஏறினால் லாபம்தானே?

இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருகிற லாபம் முழுதாக நம்மிடம் நிற்காது. ரூபாய் சரிந்தால் மில்காரருக்கு நூலை வெளிநாட்டுக்கு அனுப்புவது லாபமாகிவிடும், உள்ளூரில் நூல் விலை ஏறும். சாயம், கெமிக்கல், ஜிப், நிட்டிங் மெஷினுக்கான ஊசி என்று வெளியிலிருந்து வருவதெல்லாம் ஏறும், டீசல் ஏறும், லாரி வாடகை ஏறும். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது அந்த வருஷம் டாலர் ஏறியதில் கிடைத்த பைசா எல்லாம் எங்கே போனது என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போதாததற்கு பையரும் பேப்பர் படிக்கிறார். ரூபாய் சரிந்த மறுவாரமே “உங்கள் கரன்சி 4 சதவீதம் இறங்கியிருக்கிறதே, விலையில் ஏதாவது பாருங்கள்” என்று மெயில் வரும். அதே ரூபாய் ஏறியபோது ஒரு சென்ட் கூட்டிக் கேட்டுப் பாருங்கள், பதிலே வராது. நாம் மட்டும் சரிந்தோமா, போட்டிக்காரரும் சரிந்தாரா என்பதும் இதில் சேரும். 2024 மே மாதம் பங்களாதேஷ் தன் நாணயத்தை டாலருக்கு 110-லிருந்து 117 டாக்காவுக்கு ஒரே நாளில் இறக்கியது. ஒரே பையருக்கு இங்கிருந்தும் அங்கிருந்தும் கோட்டேஷன் போகிறது என்னும்போது, நம் ரூபாய் அசையாமல் இருந்தாலும் அது நமக்கு விலை ஏற்றம் மாதிரிதான்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது, நம் மாதிரி நாடுகள் தங்கள் வியாபாரத்தைத் தங்கள் நாணயத்தில் செய்வதில்லை என்பதுதான். இந்தியாவின் இறக்குமதியில் 86 சதவீதம் டாலரில் பில் போடப்படுகிறது, அமெரிக்காவிலிருந்து வருவது 5 சதவீதம்தான் என்று பொருளாதார நிபுணர் கீதா கோபிநாத்தும் அவரோடு சேர்ந்தவர்களும் சில வருஷங்களுக்கு முன் கணக்குக் காட்டினார்கள். பிரான்ஸ்காரருக்கு விற்கிற சட்டைக்கும் டாலர், சீனாக்காரரிடம் வாங்குகிற பட்டனுக்கும் டாலர். அதனால் ரூபாய் சரிந்தால் வெளிநாட்டுக் கடையில் நம் சட்டையின் விலை உடனே குறைந்துவிடுவதில்லை, அங்கே அதே 3.20 டாலர்தான், விற்பனை அதிகமாவதற்குக் காரணமே இல்லை. ஆனால் இங்கே இறக்குமதிச் செலவு மட்டும் அன்றைக்கே ஏறிவிடும்.

இலங்கையைப் பாருங்கள். 2022 மார்ச்சில் அங்கே தங்கள் ரூபாயின் ரேட்டைப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டார்கள், டாலருக்கு 200 சொச்சத்தில் இருந்தது இரண்டே மாதத்தில் 360-ஐத் தொட்டது. பாடப்புத்தகப்படி ஆடை ஏற்றுமதிக்காரர்கள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அங்கேயோ துணி பெரும்பாலும் இறக்குமதி, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் கட், ஜெனரேட்டருக்கு டீசல் கிடைப்பதே பெரும்பாடு. டாலர் சம்பாதிக்கிறவரும் அந்த நாட்டுக்குள்தானே மெஷின் ஓட்ட வேண்டும்.

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

கோட்டேஷன் போடும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம்

காஸ்டிங் ஷீட்டில் அன்றைய கூகுள் ரேட்டைப் போடாதீர்கள். கூகுளில் தெரிகிற ரேட்டை உங்களுக்கு யாரும் தரப்போவதில்லை. பேங்க் தன் மார்ஜினைக் கழித்துத் தரும் வாங்கும் ரேட்டில் இருந்து தொடங்கி, அதிலும் ஒரு ரூபாய் கீழே வைத்துக் காஸ்டிங் போடுங்கள். ஆர்டர் கைவிட்டுப் போகும் அளவுக்குப் பயந்து மூன்று ரூபாய் கீழே வைப்பவர்களும் உண்டு, அது அவரவர் பையரைப் பொறுத்தது. எந்த ரேட்டில் போட்டீர்கள் என்பதை அந்த ஷீட்டின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் ஞாபகம் இருக்காது, மெர்ச்சன்டைசர் வேறு கம்பெனிக்கே போயிருப்பார்.

கோட்டேஷனில் “இந்த விலை 15 நாள்வரை செல்லும்” என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். இதற்குப் பைசா செலவில்லை. பையர் 40 நாள் ஊறப்போட்டு, டாலர் நமக்கு எதிராகத் திரும்பிய பிறகு பியோ அனுப்பினால், அந்த வரி ஒன்றுதான் பேச இடம் கொடுக்கும். பையர் அதை மதிப்பாரா என்றால் பெரிய சங்கிலிக் கடைகள் மதிக்காது, நடுத்தர இம்போர்ட்டர்கள் மதிப்பார்கள். அதே நடுத்தர இம்போர்ட்டரிடம் இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம்: ரேட் 85-லிருந்து மேலேயோ கீழேயோ 3 சதவீதத்துக்கு மேல் போனால் வித்தியாசத்தை ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொள்வது. எங்களுக்கு ஒரே ஒரு பையர் இதற்கு ஒத்துக்கொண்டார். ஒருவராவது கிடைத்தாரே.

ரூபாய் சரியும்போது டிஸ்கவுண்ட் கேட்டு வருகிற மெயிலுக்கு, நூல் விலையும் சாயத்தின் விலையும் போன ஆர்டருக்கும் இந்த ஆர்டருக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டிப் பதில் போடுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். அடிப்படை விலையை ஒருமுறை இறக்கினால் மறுபடி ஏற்றவே முடியாது.

டாலரில் கடன் வாங்கினாலே பாதி ஆபத்து அடைபட்டுவிடும்

பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு தயாரிக்க பேங்க் முன்கூட்டித் தரும் கடன், எல்லாரும் வாங்குகிறோம். அதை ரூபாயில் வாங்காமல் டாலரிலேயே வாங்கலாம், பேங்கில் பிசிஎஃப்சி என்பார்கள். 64,000 டாலர் ஆர்டருக்கு 40,000 டாலர் பிசிஎஃப்சி எடுத்தால், பேங்க் அதை அன்றைய ரேட்டில் ரூபாயாக்கி உங்கள் கணக்கில் போடும், நூலுக்கும் சாயத்துக்கும் கொடுத்துவிடுவீர்கள். பையர் பணம் வந்ததும் டாலராகவே கடன் அடைந்துவிடும். அந்த 40,000 டாலருக்கு இனி ரேட் எங்கே போனாலும் உங்களுக்குக் கவலை இல்லை, ஏற்கனவே மாற்றியாகிவிட்டது. மிச்சம் 24,000 டாலர்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

இதைச் சொன்னதும் “வட்டி எவ்வளவு?” என்றுதான் முதலில் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான், ஆனால் ரூபாய் வட்டியையும் டாலர் வட்டியையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ரூபாய்க் கடன் எடுத்துவிட்டு ஃபார்வர்டு (பின்னால் தரப்போகும் டாலருக்கு இன்றே ரேட் பேசி முடிப்பது, கீழே விவரமாக வரும்) போட்டால் இன்றைய ரேட்டுக்கு மேல் பிரீமியம் என்று கொஞ்சம் கிடைக்கும், அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தப்பு: 40,000 டாலருக்கு பிசிஎஃப்சியும் எடுத்துவிட்டு, 64,000 டாலருக்கும் ஃபார்வர்டு போட்டுவிடுவது. வரப்போவது 64,000, கடனுக்குப் போவது 40,000, பேங்குக்கு ஃபார்வர்டில் கொடுப்பதாகச் சொன்னது 64,000. இல்லாத 40,000 டாலரை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? கடனைப் பார்க்கிறவர் ஒருவர், ஃபார்வர்டு போடுகிறவர் இன்னொருவர் என்று இருக்கும் கம்பெனிகளில் இது நடக்கும். இரண்டும் ஒரே நோட்டில் இருக்க வேண்டும்.

ஃபார்வர்டு

பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. இன்ன தேதியில் இத்தனை டாலர் தருகிறேன், இன்ன ரேட்டில் எடுத்துக்கொள் என்று இன்றைக்கே பேங்கோடு பேசி முடித்துக்கொள்வது. இங்கே வட்டி அதிகம், அமெரிக்காவில் குறைவு என்ற நிலை இருக்கும்வரை ஃபார்வர்டு ரேட் இன்றைய ரேட்டைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். வருஷத்துக்கு 2 சதவீதம் பிரீமியம் என்றால் 85-க்கு ஆறு மாதத்தில் 85 பைசா, அதாவது 85.85 கிடைக்கும். எக்ஸ்போர்ட்டருக்கு இது வரவு, இம்போர்ட்டருக்கு இதே செலவு. இதை ஏதோ பேங்க் நமக்குச் செய்யும் உபகாரம் மாதிரி சில ஆபீசர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள், இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். ஷிப்மெண்ட் எப்போதாவது சொன்ன தேதியில் போயிருக்கிறதா? அதனால் ஒரே தேதிக்குப் போடாமல், ஒரு மாத இடைவெளி கொடுத்து, அந்த மாதத்தில் எந்த நாள் பணம் வந்தாலும் கொடுக்கலாம் என்ற வகையில் போடுங்கள். பிரீமியம் அந்த இடைவெளியின் முதல் நாள்வரைதான் கணக்காகும், கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தேதி தாண்டினால் கேன்சல் செய்து மறுபடி போட வேண்டும், அதற்கு வித்தியாசமும் சார்ஜும் உண்டு.

எவ்வளவுக்குப் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. முழுசுக்கும் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் 2020. அந்த பிப்ரவரியில் டாலர் 71, 72 என்று இருந்தது, எங்கள் கையில் இருந்த ஆர்டர் முழுவதற்கும் ஃபார்வர்டு போட்டு நிம்மதியாக இருந்தோம். மார்ச்சில் கொரோனா. ஒரு பையர் 40,000 டாலர் ஆர்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார், துணி டையிங்கில் இருந்து வந்து இறங்கிய அன்று காலையில் மெயில் வந்தது. அதே வாரங்களில் ரூபாய் 76-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சரக்கு இல்லை, டாலர் வராது, ஆனால் பேங்குக்கு 72.50-க்கு 40,000 டாலர் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். கேன்சல் செய்தபோது ரேட் 75.60. டாலருக்கு 3 ரூபாய் 10 பைசா வீதம் 1,24,000 ரூபாய் கையிலிருந்து கட்டினோம். ஆர்டரும் போய், அதற்குமேல் தண்டமும்!

“நாம டாலர் இறங்கிரும்னுதானேங்க பயந்து போட்டோம், ஏறுனதுக்கு எதுக்குங்க நாம காசு கட்டணும்?” என்று ஓனர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்குள் இருப்பதைக் கொஞ்சம் நின்று யோசித்தால், உலகத்துக்கே ஒரு அடி விழும்போது ஆர்டர் கேன்சல் ஆவதும் நம் மாதிரி நாட்டு நாணயம் சரிவதும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் நடக்கும். முழு ஆர்டருக்கும் ஃபார்வர்டு போட்டு வைத்தவருக்கு இரண்டு பக்கமும் இடி. பிசிஎஃப்சியிலும் இதே ஆபத்து இருக்கிறது, ஆர்டர் போனால் கடனை ஏறிய ரேட்டில் டாலர் வாங்கித்தான் அடைக்க வேண்டும்.

அதிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்ட முறை: பியோ கைக்கு வந்ததும் பிசிஎஃப்சி, ஃபார்வர்டு இரண்டும் சேர்த்து ஆர்டரில் பாதி. கப்பல் ஏறி, சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங் கையில் வந்ததும் இன்னொரு கால் பங்கு. கடைசிக் கால் பங்கைத் திறந்தே விடுகிறோம், ஏறினால் வரட்டும், இறங்கினால் போகட்டும். புதுப் பையர் என்றால் பியோ கட்டத்தில் பாதிக்குப் பதில் கால் பங்குதான். பத்து வருஷமாகப் பணம் தவறாத பையர் என்றால் முக்கால்வரைகூடப் போகலாம். ஈசிஜிசி என்ற அரசு கம்பெனியின் ஏற்றுமதி இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள், நாம் எடுக்கும் சாதாரண பாலிசி பையர் பணம் தராமல் போனால்தான் உதவும், ரேட் ஆடியதற்குத் தராது.

ஆப்ஷன் என்று ஒன்றும் உண்டு. டாலருக்கு இத்தனை பைசா என்று முதலிலேயே கட்டிவிட்டால், ரேட் இறங்கினால் பேசிய ரேட்டைக் கேட்டு வாங்கலாம், ஏறினால் விட்டுவிட்டு மார்க்கெட் ரேட்டில் விற்கலாம், ஆர்டர் கேன்சல் ஆனால் கட்டிய காசோடு போகும். நிச்சயமில்லாத ஆர்டருக்கு இதுதான் பொருத்தம். ஆனால் 6 சதவீத லாபக்காரருக்கு அந்தக் கட்டணம் கனமாகத்தான் தெரியும்.

“ஜீரோ காஸ்ட்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

2007 தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர் அந்த வருஷக் கடைசிக்குள் 39 சொச்சத்துக்கு வந்தது. திருப்பூருக்கு அது மோசமான வருஷம். அந்தப் பயத்தில்தான் திருப்பூர், கோயம்புத்தூர்க் கம்பெனிகள் உட்பட நாடு முழுக்கப் பல கம்பெனிகள் பேங்குகள் விற்ற விசித்திரமான டெரிவேட்டிவ்களை, அதாவது ரேட் போகும் போக்கை வைத்துப் போடும் ஒப்பந்தங்களை, வாங்கின. கட்டணமே இல்லை, ஒரு கையெழுத்துதான் என்றார்கள். டாலர் சம்பாதிக்கும் கம்பெனி சுவிஸ் பிராங்கும் ஜப்பான் யென்னும் எங்கே போகும் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது. ரேட் ஒரு கோட்டைத் தாண்டினால் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்பது போன்ற வரிகள் ஒப்பந்தத்துக்குள் இருந்தன. 2008-இல் ரேட் எல்லாம் தலைகீழாகத் திரும்ப, கேஸ் மெட்ராஸ் ஹைகோர்ட்வரை போனது. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 2011-இல் ரிசர்வ் பேங்க் 19 பேங்குகளுக்கு அபராதம் போட்டது. அதற்குள் சிலர் மெஷினை விற்றாகிவிட்டது.

பேங்க்காரர் எதை நீட்டினாலும் ஒரே ஒரு சோதனை வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, “டாலர் 10 ரூபாய் ஏறினால் நான் எவ்வளவு கட்டணும், 10 ரூபாய் இறங்கினால் எவ்வளவு கட்டணும், எழுதித் தாங்க சார்” என்று கேளுங்கள். ஃபார்வர்டுக்கு அரை நிமிஷத்தில் எழுதிவிடுவார். அவரால் எழுத முடியவில்லை, ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றால், காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

பேங்க் எடுக்கும் பைசா

ரேட் எங்கே போகும் என்று டிவி பார்க்கிற நேரத்தில், பேங்க் டாலருக்கு எத்தனை பைசா எடுக்கிறது என்று பாருங்கள். மார்க்கெட் 85.00, உங்களுக்குக் கிடைத்தது 84.75 என்றால் 64,000 டாலருக்கு 16,000 ரூபாய், ஒரு ஆளின் மாதச் சம்பளம் மாதிரி. பணம் வந்ததும் பேங்க் தானாக மாற்றிக் கணக்கில் போட்டுவிட விடாதீர்கள், முதலில் போன் செய்யச் சொல்லுங்கள், டீலரிடம் ரேட் கேட்டு ஒத்துக்கொண்ட பிறகு மாற்றச் சொல்லுங்கள். மார்ஜின் எத்தனை பைசா என்று எழுத்தில் வாங்குங்கள். 2019-இலிருந்து எஃப்எக்ஸ்-ரீடெயில் என்று ஒரு தளம் இருக்கிறது, கிளியரிங் கார்ப்பரேஷன் நடத்துகிறது, உங்கள் பேங்க் வழியாகப் பதிவு செய்தால் சின்ன ஆட்களும் மார்க்கெட் ரேட்டைக் கண்ணால் பார்த்து விற்கலாம். அதில் விற்காவிட்டாலும் சரி, அதில் பதிந்திருக்கிறேன் என்று சொன்னாலே கிளையில் மார்ஜின் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஜிப், லேபிள், சாயம் வாங்குகிறவர்கள் வந்த டாலரை எல்லாம் ரூபாயாக்கிவிட்டு அடுத்த வாரம் அதே டாலரை விலை கொடுத்து வாங்காதீர்கள், போகும்போதும் பேங்குக்கு மார்ஜின், வரும்போதும் மார்ஜின். ஈஈஎஃப்சி என்று எக்ஸ்போர்ட்டருக்கு இருக்கும் வெளிநாட்டுப் பணக் கணக்கில் டாலராகவே வைத்து அதிலிருந்து கட்டலாம். வட்டி கிடையாது, அடுத்த மாதக் கடைசிக்குள் பயன்படுத்தாததை ரூபாயாக்கிவிட வேண்டும் என்ற விதி உண்டு, அதனால் டாலர் ஏறும் என்று காத்திருக்கும் பெட்டியாக அதை நினைக்க வேண்டாம்.

ஐரோப்பாப் பையர் யூரோவிலோ பவுண்டிலோ விலை கேட்டால் இரட்டை ஆட்டம் என்று தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். யூரோ டாலருக்கு எதிராக ஆடும், டாலர் ரூபாய்க்கு எதிராக ஆடும், இரண்டும் பெருக்கி நம் தலையில் விழும். 2016 ஜூனில் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற பிரிட்டன் ஓட்டுப் போட்ட மறுநாள் பவுண்ட் விழுந்த வீழ்ச்சியில், பவுண்டில் பில் போட்டிருந்தவர்களுக்கு டாலருக்கு எதிராக ரூபாய் பெரிதாக அசையாமலே நஷ்டம். யூரோ பில்லுக்கு பியோ கட்டத்திலேயே ஃபார்வர்டு பங்கைக் கூட்டிவிடுகிறோம். ரூபாயிலேயே பில் போட 2022 ஜூலையில் ரிசர்வ் பேங்க் வழி செய்தது, ஆனால் நம் பையரிடம் போய் ரூபாயில் கொடு என்றால் சிரிப்பார்.

ஒரு நோட்டு, திங்கட்கிழமை காலை

இதையெல்லாம் நடத்த சாஃப்ட்வேர் தேவையில்லை. பியோ நம்பர், டாலர் தொகை, காஸ்டிங் போட்ட ரேட், கப்பல் ஏறும் தேதி, பணம் வரும் தேதி, பிசிஎஃப்சி எவ்வளவு, ஃபார்வர்டு எவ்வளவு என்ன ரேட்டில், திறந்து நிற்பது எவ்வளவு. எட்டு கட்டம். திங்கட்கிழமை காலையில் நூல்காரர் போன் வருவதற்கு முன் பத்து நிமிஷம் இதைப் பாருங்கள். திறந்து நிற்பது என்ற கட்டத்தைக் கூட்டி, அதை இரண்டு ரூபாயால் பெருக்கிப் பாருங்கள். வரும் தொகையை இழந்தால் இந்த மாதச் சம்பளம் தடைபடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படும் என்றால் அன்றைக்கே பேங்குக்குப் போன் போட வேண்டியதுதான்.

ஃபார்வர்டு போடவோ டாலரை விற்கவோ வேண்டியதை ரேட் பார்த்துச் செய்யாதீர்கள், தேதி பார்த்துச் செய்யுங்கள். 2013 மே மாதம் 54-இல் இருந்த டாலர் ஆகஸ்ட் 28-ஆம் தேதி 68-ஐத் தாண்டியது. 70 வந்துவிடும், அப்போது விற்கிறேன் என்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அக்டோபரில் 61. மாறாக, 2023-இலும் 2024-இன் பெரும்பகுதியிலும் ரிசர்வ் பேங்க் பிடித்த பிடியில் டாலர் 82, 83 என்று தூங்கியது, எதற்கு ஃபார்வர்டு என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் அது 88-ஐ நெருங்கியது, சந்தோஷப்பட்டு அந்த ரேட்டிலேயே புது ஆர்டருக்குக் காஸ்டிங் போட்டார்கள், மே மாதம் மறுபடி 84. அந்த ஆர்டர்களுக்கு இப்போதும் எங்கள் தெருவில் ஒரு பெயர் இருக்கிறது, “எண்பத்தெட்டு ஆர்டர்”. யாராவது ரொம்பக் குறைந்த விலைக்கு ஆர்டர் எடுத்துவிட்டார் என்றால், “என்னங்க, எண்பத்தெட்டா?” என்றுதான் கேட்பார்கள்.